பதினோரு தலைமைக்கும் ஒரே பெட்டி

கிழக்குப் பள்ளியின் தலைமையாசிரியைக்கு ஒரு தாய் எழுதிய மின்னஞ்சல், மேற்குப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் போய் விழுந்தது. பள்ளிப் பேருந்து மூன்று நாளாகத் தன் மகளை ஏற்றாமல் தெருமுனையைத் தாண்டிப் போய்விடுகிறது என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். மேற்குக்காரர் தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இந்தப் பெயரில் எங்கள் பள்ளியில் மாணவி யாரும் இல்லை' என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஐந்து வருடமாகப் படிக்கிற பிள்ளையை இல்லை என்று சொன்னால் எந்தத் தாய் சும்மா இருப்பார்? மறுநாள் காலையிலேயே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பள்ளிகளையும் நடத்தும் நிர்வாகத்தின் தலைமை அலுவலகத்துக்கு வந்து, செயலாளரின் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இதோ நிக்கிறா. நல்லா பார்த்துச் சொல்லுங்க சார், இருக்காளா இல்லையா?"

செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தத் தாயைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, பெட்டியக்காவைக் கூப்பிட்டார்.

பெட்டியக்கா என்பது அவளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர். 'அக்கா, என் மெயில் பெட்டி நிரம்பிடுச்சு', 'அக்கா, என் பெட்டி திறக்க மாட்டேங்குது' என்று நாள் முழுக்கத் தொலைபேசி வரும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். வயது முப்பத்தெட்டு. கணினி லேபைப் பெருக்கித் துடைத்து, திரைகளுக்கு உறை போடும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். மற்றவர்கள் போனபிறகு லேப் புத்தகங்களைப் படிப்பாள். புரியாததைத் திரும்பப் படிப்பாள். அப்போதும் புரியாவிட்டால் செய்து பார்ப்பாள். இரண்டு கணினிகளைக் கெடுத்து, இரண்டையும் தானே சரி செய்தாள். நிர்வாகத்தில் ஒரே பள்ளி, நாற்பது ஆசிரியர்கள் என்றிருந்த காலத்தில், எட்டு வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வரை அமைத்ததும் அவள்தான். பழைய விளையாட்டுச் சாமான் அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சர்வர். அந்த அறையில் இன்னும் ரப்பர் பந்து வாடை போகவில்லை.

போன வருடம் இன்னும் பத்துப் பள்ளிகள் அதே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஆளுக்கொரு பெட்டி என்று எண்ணிக்கை இரண்டாயிரத்தை நெருங்கியது. இயந்திரம் மூச்சு வாங்கியது. அவளும்தான்.

"என்னம்மா இது? கிழக்குக்குப் போட்ட கடிதம் மேற்குக்கு எப்படிப் போகும்?" என்றார் செயலாளர்.

"சார், அரை மணி நேரம் கொடுங்க. பார்த்துட்டு வந்து சொல்றேன்."

பார்த்தபோது விஷயம் தெரிந்தது. தவறு இயந்திரத்தில் இல்லை, அவளிடத்தில்.

எட்டு வருடமாக அவள் செய்துவந்த முறை இதுதான். மெயில் வேண்டும் என்று யார் கேட்டாலும், அந்த ஆளைச் சர்வரிலேயே ஒரு குடித்தனக்காரராகச் சேர்த்துவிடுவாள். இயந்திரத்துக்குள் அவருக்கென்று ஒரு பெயர், ஓர் அறை, ஒரு சாவி. கடிதம் வந்தால் இயந்திரம் முகவரியில் 'அட்' குறிக்கு முன்னால் இருக்கும் பெயரை மட்டும் பார்க்கும். அந்தப் பெயருள்ள அறையில் போட்டுவிடும். 'அட்' குறிக்குப் பின்னால் எந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஒரே பள்ளி இருந்தவரை இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினோரு பள்ளிகளுக்கும் 'தலைமை' என்றொரு பொது முகவரி உண்டு. வீடு ஒன்று, அதில் 'தலைமை' என்ற அறையும் ஒன்றுதான். அது மேற்குக்காரருடையது, ஏனென்றால் அவருடையதுதான் முதல் பள்ளி.

போன வருடம் இதை அவள் சோதித்தும் பார்த்திருந்தாள். பதினோரு தலைமை முகவரிகளுக்கும் பதினோரு சோதனைக் கடிதங்கள் அனுப்பினாள். பதினொன்றும் வந்து சேர்ந்துவிட்டதாக, சர்வர் தானே எழுதி வைக்கும் குறிப்பான லாக் சொன்னது. சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள். எல்லாம் எங்கே வந்து சேர்ந்தன என்று மட்டும் பார்க்கவில்லை.

மறைக்காமல் அப்படியே போய்ச் சொன்னாள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாம நடத்துறது பள்ளிக்கூடம். மெயிலை வெளிக் கம்பெனி ஒண்ணுகிட்ட விட்டுடலாம்னு இருக்கேன். அவங்க ஆளுகூட வந்து பேசிட்டுப் போயாச்சு. உங்களைப் புத்தகக் கிடங்குக்குப் போட்டுடறேன். அங்க ஆள் இல்ல."

"சார், இது முறையில இருக்கிற கோளாறு. முறையையே மாத்திடறேன்."

"எப்போ?"

"புதுச் சேர்க்கை எப்போ சார் திறக்குது?"

"அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள், காலைல எட்டு மணி. விண்ணப்பம் எல்லாம் மெயில்லதான் வரும்."

"அதுக்கு முன்னாடி முடிச்சுடறேன்."

செயலாளர் நாள்காட்டியைப் பார்த்தார். "பதிமூணு நாள். அன்னைக்கு ஒரு விண்ணப்பம் தப்பா போனாலும் சர்வர் அறைச் சாவி என் மேசைக்கு வந்துடணும்."

சரி என்று வந்துவிட்டாள். புத்தகக் கிடங்கு மோசமான இடமில்லை. ஜன்னலும் உண்டு. ஆனால் யாரும் சொல்லித் தராமல், தானாகவே கட்டி எழுப்பியதென்று அவளுக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரு சர்வர்தான். அதைத் தன் தவறோடு விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அந்தக் கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஆறு மாதமாக ஓடவில்லை. அன்று படியேறி வந்ததும் பன்னிரண்டு வயது மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவளும் அதே நிர்வாகத்தின் தெற்குப் பள்ளியில்தான் படிக்கிறாள். செய்தி அம்மாவுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அம்மா, நீ மெயில் போட்டா பக்கத்து வீட்டுக்குப் போகுமாமே?"

"வாயைக் கொஞ்சம் குறைச்சுக்கோ."

"விடுடி, அம்மாவை" என்றார் கணவர். பிறகு அவரே, "ஏம்மா, கடுதாசி போடறப்போ கதவைத் தட்டிக் கேட்டுட்டுப் போடச் சொல்லேன் உன் மிஷினை" என்றார்.

"உங்க லிஃப்ட் மூணாவது மாடிக்கு வந்ததும் நான் மிஷினுக்குச் சொல்றேங்க."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவர் அடுப்பை அணைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வேலை தொடங்கியது. புதிய முறையில் யாரும் இயந்திரத்தின் குடித்தனக்காரர் கிடையாது. எல்லாப் பெட்டிகளையும் காவல் காக்க இயந்திரத்தில் ஒரே ஒரு கணக்கு. இரண்டாயிரம் பேரும் அதற்கு ஆட்களே அல்ல, ஒரு தரவுத்தளத்தில் எழுதிய வரிகள். அதில் மூன்று அட்டவணைகள். முதல் அட்டவணையில் பள்ளிகளின் பெயர்கள். இரண்டாவதில் முழு முகவரி, பாஸ்வேர்ட், பெட்டி இருக்கும் இடம். மூன்றாவதில், யாருக்கு வருவதை யாருக்குத் திருப்ப வேண்டும் என்பது. கடிதம் வந்தால் முழு முகவரியையும் படித்துப் பார்த்துத்தான் பெட்டி தேடும். 'கிழக்கின் தலைமை' ஒரு வரி, 'மேற்கின் தலைமை' இன்னொரு வரி. இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. புதிதாக ஆயிரம் பேர் வந்தாலும் ஆயிரம் வரி எழுதினால் போதும். இடம் போதாவிட்டால் இன்னொரு இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்து, 'இந்தப் பள்ளியின் பெட்டிகள் அங்கே' என்று வரியில் மாற்றினால் போதும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. செய்வதற்குள் அவளுக்குப் பெண்டு நிமிர்ந்துவிட்டது.

லேபில் ஒதுக்கிப் போட்டிருந்த இரண்டு கணினிகளைக் கேட்டு வாங்கினாள். ஒன்று வாசல்: கடிதம் வாங்குவதும் அனுப்புவதும் அதன் வேலை. இன்னொன்று கிடங்கு: வந்த கடிதங்களை அவரவர் பெட்டியில் போட்டு வைப்பது அதன் வேலை. அவற்றுக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்தவர் அலுவலகத்தின் கேபிள் பணியாளர். ஒல்லியாக இருப்பார், எல்லோரும் ஒயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, ரெண்டாயிரம் பேருக்கும் புது பாஸ்வேர்ட் கொடுக்கணுமா? செத்தோம்" என்றார் ஒயர்.

"வேண்டாம் அண்ணே. பழைய இயந்திரத்துல பாஸ்வேர்டைக் கலைச்சுக் குழப்பித்தான் வச்சிருக்கும். என்னாலகூடப் படிக்க முடியாது. அந்தக் குழப்பத்தை அப்படியே தூக்கி இங்க வச்சா, புதுசும் அதையே ஒத்துக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாததை நீங்களே தூக்கிட்டுப் போறீங்க. நல்ல பொழப்புதான்."

பெட்டிகளை ஒவ்வொரு பள்ளியாகக் கொண்டுபோனாள். லேபின் முப்பது கணினிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பத்தாயிரம் சோதனைக் கடிதங்களை, வாசலைத் தொடாமல் நேராகக் கிடங்குக்கே அனுப்பிப் பார்த்தாள். இந்த முறை எத்தனை வந்தன என்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எந்தப் பெட்டியில் விழுந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முதல் தடவை கிடங்கு திணறியது. ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்ற எண்ணைக் கூட்டினாள். இரண்டாம் தடவை ஓடியது.

சேர்க்கைக்கு முந்தைய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெளியிலிருந்து வரும் கடிதங்களைப் புதிய வாசலுக்குத் திருப்பினாள். திருப்புவதற்கு முன்னால் ஓர் ஏற்பாடு செய்தாள். முகவரி தெரியாவிட்டால் வாசல் பொதுவாக 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்குப் பதிலாக, 'இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா' என்று சொல்லும்படி மாற்றி வைத்தாள். அப்படிச் சொன்னால் அனுப்பிய சர்வர் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மறுபடியும் மறுபடியும் வந்து பார்க்கும்.

கிழக்குக்குப் போட்டாள், போனது. தெற்குக்கு, போனது. பத்துப் பள்ளிகளுக்கும் போனது. மேற்குக்கு மட்டும் போகவில்லை. 'அப்படி ஒருவர் தெரியாது, பிறகு வா' என்று வாசல் திரும்பத் திரும்பச் சொன்னது. அட்டவணையில் மேற்குப் பள்ளி இருந்தது. முந்நூறு பெட்டிகளும் இருந்தன. கண் முன்னால் இருக்கும் ஆளைத் தெரியாது என்று சாதித்தது இயந்திரம்.

பதினொன்றரைக்குச் செயலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன, ஆச்சா?"

"பத்து ஓடுது சார். மேற்கு மட்டும் நிக்குது."

"மேற்குல ஆயிரம் பிள்ளைங்க. கம்பெனி ஆளு அடுத்த வெள்ளி எப்படியும் வரேன்னு சொல்லியிருக்கார். இப்பவே கூப்பிட்டுடட்டுமா?"

"வேண்டாம் சார். ஒரு கடிதமும் தொலையல. எல்லாம் வாசல்ல காத்துட்டு இருக்கு. மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்றேன்."

அவர் போனதும் ஒயர் மெதுவாக, "பழையதுக்கே திருப்பிடுங்கக்கா. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றார்.

"பழையதுக்குத் திருப்பினா திங்கட்கிழமை பதினோரு பள்ளி விண்ணப்பமும் ஒரே பெட்டியில விழும். பின்னால போற வழியே இல்லண்ணே."

அமைப்புக் கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். மேற்குப் பள்ளியின் பெயர் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. மறுபடியும் தேடினாள். இல்லை. மூன்றாவது முறை தேடவில்லை, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். 'என் சொந்தக் குடித்தனக்காரர்கள் இருக்கும் இடங்கள்' என்று ஒரு வரி. எட்டு வருடத்துக்கு முன்னால் அவளே எழுதியது. நன்றாக ஓடிய கோப்பாயிற்றே என்று பழையதிலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தாள். பிற்பாடு சேர்ந்த பத்துப் பெயர்களையும் அதிலிருந்து நினைவாக நீக்கியிருந்தாள். முதல் பள்ளியின் பெயர் அங்கே பெயராகவே இல்லை. 'இந்த இயந்திரத்தின் சொந்தப் பெயர்' என்று எழுதியிருந்தது. அந்த நாளில் இயந்திரத்துக்கு மேற்குப் பள்ளியின் பெயரைத்தான் வைத்திருந்தாள்; கோப்போடு அந்தப் பெயரும் புதிய வாசலுக்கு வந்துவிட்டது. ஆகவே, மேற்குக்கு வந்த கடிதங்களுக்கு வாசல் அட்டவணையைப் பார்க்கவேயில்லை. குடித்தனக்காரர்களிடையே தேடியது. அங்கே இப்போது ஒருவரும் இல்லை.

"அட மடச்சி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். 'சொந்தப் பெயர்' என்ற அந்தச் சொற்களைக் கோப்பிலிருந்து அழித்தாள். வாசலை மறுபடி எழுப்பினாள். ஐந்து நிமிடத்தில் முதல் கடிதம் உள்ளே வந்தது. பிறகு இரண்டு, நான்கு. காத்துக்கொண்டிருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒரு மணிக்குச் செயலாளருக்குப் போன் போட்டு, "பதினொண்ணும் ஓடுது சார்" என்றாள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் அவளுக்கு நல்லதாகப் போயிருக்கும். ஆனால் ஒரு வேலை மிச்சம் இருந்தது. மேற்குக்காரரின் பழைய 'தலைமை' பெட்டியில் ஒரு வருடமாகக் கலந்து கிடந்த கடிதங்களைப் பிரித்து, அவரவர் பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் அது முதலில் எந்த முகவரிக்கு வந்தது என்று இயந்திரம் எழுதி வைத்திருக்கும். அதைப் படித்துப் பிரிக்க ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினாள். எப்படியும் பத்துப் பதினைந்து இருக்கும் என்று நினைத்தாள்.

இருநூற்றுப் பதினான்கு.

மேற்குக்காரருக்குப் போன் செய்தாள்.

"ஐயா, உங்க பெட்டியில மத்த பள்ளிக் கடிதம் நிறைய இருக்கு. நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேனே. எனக்கு ஏன் இதெல்லாம் வருதுன்னு நினைச்சேன். பிரதி அனுப்புறாங்க போலன்னு ஓரமா வச்சுட்டேன். அந்த பஸ் கடுதாசியில பள்ளிப் பேரே இல்ல, அதனாலதான் பதில் போட்டேன். எதையும் அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லம்மா."

மற்ற பத்துத் தலைமைகளும் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் காரணம் எளிது. அவரவருக்குச் சொந்தப் பெயரில் பெட்டி இருந்தது. பெயர்ப்பலகையில் போட்ட முகவரிக்கு யார் எழுதப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். எழுதியிருக்கிறார்கள், இருநூற்றுப் பதினான்கு பேர். வேலை கேட்டவர்கள், சேர்க்கை கேட்டவர்கள், மகன் அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறான் என்று சொன்னவர்கள். ஒருவருக்கும் பதில் போகவில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"செயலாளருக்குத் தெரியுமா?"

"ஒரே ஒரு கடிதம்தான் தவறிப் போச்சுன்னு நினைச்சுட்டு இருக்கார்."

"இதைச் சொன்னா?"

"சாவியைக் கேட்பார்."

"சொல்லாட்டி?"

"யாருக்கும் தெரியாது. பிரிச்ச கடிதமெல்லாம் பழைய தேதியோட அவங்கவங்க பெட்டி அடியில போய் உட்கார்ந்துக்கும். யாரும் பார்க்க மாட்டாங்க."

அவர் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்துக்கொண்டே, "நீ முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட கேட்கிறே. முகத்துலயே தெரியுது" என்றார்.

"உங்ககிட்ட கேட்கலங்க. சொல்லிப் பார்த்துக்கிறேன், திங்கட்கிழமைக்கு."

திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சேர்க்கை திறந்தது. பதினோரு மணிக்குள் ஆயிரத்து அறுநூறு விண்ணப்பங்கள். எல்லாம் அதனதன் பள்ளியில். கிழக்குத் தலைமையாசிரியை போன் பண்ணி, "பெட்டியக்கா, எனக்குக்கூட மெயில் வருதே!" என்று கேலி செய்தார். செயலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். நல்ல சகுனம்தான். அவள் கோப்பையைத் தொடாமல், அச்சிட்ட பட்டியலை அவர் முன்னால் வைத்தாள்.

"சார், தவறிப் போனது ஒண்ணு இல்ல. இருநூத்திப் பதினாலு."

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதை எண்ணச் சொல்லி உங்களை யார் கேட்டாங்க?"

"யாரும் கேட்கல சார். பிரிச்சா எண்ணிக்கை தானா வந்துடும்."

"வெளிய தெரிஞ்சா பள்ளி மானம் என்ன ஆகும்? யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். ஆனா இவங்க ஒவ்வொருத்தரும் நாம வேணும்னேதான் பதில் போடலைன்னு நினைச்சுட்டு இருக்காங்க. அந்த மானம் ஏற்கெனவே போயாச்சு."

செயலாளர் கடைசிப் பக்கம்வரை புரட்டி முடித்தார். பிறகு அவர் பட்டியலை அவள் பக்கம் தள்ளினார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. "இருநூத்திப் பதினாலு பேருக்கும் நீங்களே எழுதுங்க. யாரால நடந்ததுன்னும் எழுதுங்க. சாவியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அந்த வாரம் முழுக்க எழுதினாள். ஒரே கடிதத்தை நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்பவில்லை. ஒவ்வொருவரும் கேட்டதைப் படித்து, அந்தந்தப் பள்ளியில் கேட்டு, பதிலையும் சேர்த்து எழுதினாள். கடைசியில் ஒரு வரி: 'உங்கள் கடிதம் தவறிப்போனதற்கு மெயில் சர்வரை அமைத்த நான்தான் காரணம்.' எழுபது எண்பது பேர் பதில் எழுதினார்கள். சிலர் நன்றாகவே திட்டினார்கள். இசையாசிரியை வேலைக்கு எழுதியிருந்த ஒருவர், அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

வெள்ளிக்கிழமை வெளிக் கம்பெனி ஆள் வந்தார். செயலாளர் அவரைச் சர்வர் அறைக்கே அழைத்துவந்து, புதிய முறையைக் காட்டச் சொன்னார். அவர் இரண்டு இயந்திரங்களையும் மூன்று அட்டவணைகளையும் பார்த்துவிட்டு, "நாங்களும் இப்படித்தான் செய்வோம் சார். எங்க இயந்திரம் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்" என்றார். நேர்மையான ஆள்.

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்த செயலாளர், ரப்பர் வாடையை முகர்ந்து முகம் சுளித்தார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா இனிமே நீங்க தனியா எதையும் மாத்தக் கூடாது. என்ன மாத்தினாலும் எழுதி வைக்கணும், இன்னொரு ஆளு படிச்சுப் பார்த்துச் சரின்னு சொல்லணும்."

"யார் சார் அந்த இன்னொரு ஆளு?"

"கேபிள் இழுக்கிறாரே, அவரு."

கதவோரம் நின்றிருந்த ஒயர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "சார், எனக்கு ஒயர்தான் தெரியும்!"

"உட்காருங்கண்ணே" என்று பெட்டியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அமைப்புக் கோப்பைத் திறந்தாள். "முதல் வரி படிங்க. சத்தமா."